ஒன்றரைப் புள்ளியில் முடிந்த கோப்பை: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மொத்தத் தரவரிசை எப்படி உருவாகிறது?

2024-25 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) பட்டத்தை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் வென்றது. ஆண்கள் கூடைப்பந்தில் ஃபுளோரிடா, பெண்கள் கூடைப்பந்தில் கனெக்டிகட், பேஸ்பாலில் எல்எஸ்யு எனப்படும் லூயிசியானா ஸ்டேட். தொலைக்காட்சியில் அதிகம் பேசப்படும் நான்கு பட்டங்கள் இவை. ஆனால் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கணக்கிடும் டைரக்டர்ஸ் கோப்பைப் பட்டியலின் முதல் மூன்று இடங்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. டெக்ஸாஸ் 1255.25 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது. யுஎஸ்சி எனப்படும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1253.75, ஸ்டான்ஃபோர்ட் 1251. ஓராண்டு முழுக்க விளையாடி முடித்த பிறகு முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடைவெளி 4.25 புள்ளிகள்தான்.

அதே ஆண்டில் டெக்ஸாஸின் ஆண்கள் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியின் தொடக்கநிலை ஆட்டத்திலேயே சேவியர் பல்கலைக்கழகத்திடம் தோற்று வெளியேறியது. தேசிய அளவில் இரண்டாம் தரநிலை பெற்றிருந்த அதன் பேஸ்பால் அணி, சொந்த ஊரான ஆஸ்டினில் நடந்த முதல் சுற்றையே தாண்டவில்லை. அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் எப்படி முதலிடம் பிடித்தது? புள்ளிகள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

யார், யாரோடு போட்டி போடுகிறார்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை என்பது உடற்கல்வி ஆசிரியர்கள் நடத்தும் சிறு பிரிவு அல்ல. தனி வரவு செலவுத் திட்டம், விளையாட்டு இயக்குநர் என்ற தலைமை அதிகாரி, ஒவ்வோர் அணிக்கும் சம்பளம் பெறும் பயிற்சியாளர்கள் எனத் தனி நிறுவனம் போல இயங்குவது. பெரிய இடங்களில் பணமும் அதற்கேற்பப் புரள்கிறது. டெக்ஸாஸின் விளையாட்டுத் துறை ஆண்டுக்கு 30 கோடி டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுகிறது.

இந்தப் பல்கலைக்கழகங்களுக்கிடையே தேசியப் போட்டிகளை நடத்தும் அமைப்பு என்சிஏஏ. அது உறுப்பினர்களை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. நாம் இங்கே பேசுவது முதல் பிரிவைப் பற்றி. மொத்தத் தரவரிசையை வெளியிடுவது என்சிஏஏ அல்ல. விளையாட்டு இயக்குநர்களின் சங்கமான நாக்டா. யுஎஸ்ஏ டுடே நாளிதழுடன் சேர்ந்து 1993-94இல் அது தொடங்கிய கோப்பைதான் டைரக்டர்ஸ் கோப்பை. இப்போது லேர்ஃபீல்ட் நிறுவனம் அதன் விளம்பரதாரர்.

முதல் ஆண்டில் வட கரோலினா வென்றது. 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்ட். கோவிட் காரணமாக 2019-20இல் கோப்பை வழங்கப்படவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை டெக்ஸாஸ் வென்றது. நடுவே 2022-23இல் மட்டும் ஸ்டான்ஃபோர்ட்.

(இந்தியாவில் இதற்கு நெருக்கமானது மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. பஞ்சாப் வட்டாரப் பல்கலைக்கழகங்கள் அதைப் பலமுறை வென்றிருக்கின்றன.)

பல விளையாட்டு இயக்குநர்களின் ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியலில் பிடிக்கும் இடத்துக்கு ஊக்கத்தொகை எழுதப்பட்டிருக்கிறது. எனவே ஒரு பயிற்சியாளரை நீக்குவதா, ஓர் அணியைத் தொடங்குவதா என்ற முடிவுகளில் இந்தக் கணக்கும் இருக்கும்.

புள்ளி எப்படிக் கிடைக்கிறது

1. ஃபுட்பால் தவிர மற்றவற்றில், தேசியப் போட்டியில் பிடிக்கும் இடத்துக்கு மட்டுமே புள்ளி. வட்டாரக் கூட்டமைப்பில் எத்தனை ஆட்டம் வென்றாலும், தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாவிட்டால் சுழியம்தான்.

2. எந்த விளையாட்டாக இருந்தாலும் தேசியப் பட்டத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 90. ஃபுட்பாலுக்கும் 100, கோல்ஃபுக்கும் 100.

3. 64 அணிகள் மோதும் நாக் அவுட் போட்டியில் அரையிறுதியில் தோற்றால் 83, காலிறுதியில் 73, கடைசி 16இல் 64, கடைசி 32இல் 50, முதல் சுற்றிலேயே தோற்றால் 25.

4. ஒரு பல்கலைக்கழகத்தின் அதிகபட்சம் 19 விளையாட்டுகள் கணக்கில் சேரும். அவற்றில் ஐந்து கட்டாயம்: ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், பெண்கள் வாலிபால், பெண்கள் கால்பந்து. இந்த ஐந்தில் ஒன்றில் சுழியம் வாங்கினால் அந்தச் சுழியமும் கணக்கில் ஏறும். மீதி 14 இடங்களைப் பல்கலைக்கழகத்தின் சிறந்த முடிவுகள் நிரப்பும்.

5. ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தனித்தனி விளையாட்டாகவே எண்ணப்படும்.

ஃபுட்பால் அந்தக் கட்டாய ஐந்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பணத்தில் பெரும்பகுதியைக் கொண்டுவரும் விளையாட்டு, இந்தக் கணக்கில் பத்தொன்பதில் ஒன்று மட்டுமே.

முன்பு ஆண்களில் பத்து, பெண்களில் பத்து என 20 விளையாட்டுகள் எண்ணப்பட்டன. கட்டாய விளையாட்டுகளும் கிடையாது. ஆகவே பழைய ஆண்டுகளின் மொத்தப் புள்ளிகளை இன்றைய புள்ளிகளோடு நேராக ஒப்பிடக் கூடாது. ரசிகர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது.

பட்டத்தைவிடத் தகுதிக்கு மதிப்பு அதிகம்

மேலே உள்ள புள்ளிகளை இரண்டு கற்பனைப் பல்கலைக்கழகங்களுக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் பல்கலைக்கழகம் ஐந்து தேசியப் பட்டங்களை வெல்கிறது. மீதி 14 விளையாட்டுகளில் தகுதி பெற்று முதல் சுற்றிலேயே தோற்கிறது. 500 + (14 × 25) = 850.

இரண்டாவது, ஒரு பட்டம்கூட வெல்லவில்லை. 19 விளையாட்டுகளிலும் கடைசி 16 வரை போகிறது. 19 × 64 = 1216.

ஐந்து பட்டம் வென்றது 366 புள்ளிகள் பின்தங்கி நிற்கிறது. ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி மற்றவற்றில் தடுமாறும் மாணவரைவிட, எல்லாப் பாடத்திலும் அறுபதுக்கு மேல் எடுப்பவர் மொத்த மதிப்பெண்ணில் முந்துவது போலத்தான் இது. டெக்ஸாஸின் 1255.25ஐ 19ஆல் வகுத்தால் சராசரி 66 வருகிறது. அதாவது எல்லா விளையாட்டிலும் கடைசி 16ஐச் சற்றே தாண்டுகிற தரம். அந்த ஆண்டு அது ஆண்கள் நீச்சலிலும் பெண்கள் சாஃப்ட்பாலிலும் தேசியப் பட்டம் வென்றது உண்மை. பெண்கள் கூடைப்பந்தில் அரையிறுதி வரை போனதும் உண்மை. ஆனால் கோப்பையைத் தாங்கிப் பிடித்தவை யார் கண்ணிலும் படாத நடுத்தர முடிவுகள்.

இன்னொன்றும் இருக்கிறது. இறுதிப் போட்டியில் தோற்ற அணி அடுத்த ஆண்டு பட்டம் வென்றால் கூடுதலாகக் கிடைப்பது 10 புள்ளி. தகுதியே பெறாத அணி, தகுதி பெற்று ஓர் ஆட்டமும் வென்றால் கிடைப்பது 50. ஆகவே விவரம் தெரிந்த இயக்குநர் முதலில் பார்ப்பது பட்டம் வெல்லும் அணிகளை அல்ல. தகுதிக்கோட்டுக்குக் கீழே கிடக்கும் அணிகளை.

ஸ்டான்ஃபோர்டின் 36 அணிகள்

25 ஆண்டுத் தொடர் வெற்றிக்கு அடிப்படை அகலம். ஸ்டான்ஃபோர்ட் 36 விளையாட்டு அணிகளை நடத்துகிறது. முதல் பிரிவில் ஃபுட்பாலை உச்சநிலையில் ஆடும் பல்கலைக்கழகம் குறைந்தது 16 அணிகளை நடத்தினால் போதும். 36 அணிகள் உள்ள இடத்தில், கட்டாய விளையாட்டுகளைத் தவிர, சறுக்கிய அணிகளைத் தள்ளிவிட்டுச் சிறந்தவற்றை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். ஏறத்தாழ 20 அணிகளே உள்ள டெக்ஸாஸுக்கு அந்த வசதி இல்லை. தள்ளிவிட அதனிடம் மிச்சம் ஏறக்குறைய எதுவும் கிடையாது.

இடத்தின் சாதகமும் உண்டு. ஆண்கள் வாட்டர் போலோவில் இதுவரை என்சிஏஏ பட்டம் வென்ற அத்தனை பல்கலைக்கழகங்களும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. சில பத்து அணிகளே ஆடும் அந்தப் பட்டத்துக்கும் 100 புள்ளி, 350க்கும் மேற்பட்ட அணிகள் ஆடும் கூடைப்பந்துப் பட்டத்துக்கும் 100 புள்ளி. பரவலாக ஆடப்படும் ஐந்து விளையாட்டுகளைக் கட்டாயமாக்கியதால் இந்தச் சாய்வு ஓரளவு குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

ஆனாலும் ஸ்டான்ஃபோர்டின் அகலத்தை வெறும் கணக்குத் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதன் இந்நாள், முன்னாள் மாணவர்கள் 39 பதக்கங்களோடு திரும்பினார்கள். அமெரிக்காவில் ஒலிம்பிக் வீரர்களை உருவாக்க அரசு நடத்தும் பயிற்சிக் கூடங்கள் கிடையாது. அந்த வேலையைக் கல்லூரிகளே செய்கின்றன. அங்கே ஓர் அணி கலைக்கப்பட்டால், நாட்டின் அந்த விளையாட்டில் ஒரு பயிற்சிக் கூடமே மூடப்படுகிறது என்று பொருள்.

டெக்ஸாஸின் குறுகிய, ஆழமான வழி

டெக்ஸாஸில் ஆண்கள் கால்பந்து இல்லை, மல்யுத்தம் இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ் இல்லை. இருக்கும் ஒவ்வோர் அணியையும் பட்டத்துக்குப் போட்டியிடும் தரத்தில் வைத்திருப்பது அதன் வழி. அதற்குள் இரண்டு நுணுக்கங்கள் உண்டு.

ஒன்று, ஓட்டம். இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கத் தடகளம், வசந்தத்தில் திறந்தவெளித் தடகளம் என மூன்றும் தனித்தனி தேசியப் போட்டிகள். ஆண், பெண் சேர்த்தால் ஆறு. பத்தொன்பதில் ஆறு இடங்களை ஒரே பயிற்சிக் குழுவும் பெரும்பாலும் அதே வீரர்களும் நிரப்பிவிடலாம். நல்ல தடகளப் பயிற்சியாளருக்குச் சந்தையில் அவ்வளவு மதிப்பு ஏற்பட இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, பெண்கள் துடுப்புப் படகு. 1972இல் வந்த ஒன்பதாம் பிரிவுச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஃபுட்பால் அணியில் நூறு ஆண்களுக்கு மேல் இருக்கும்போது, அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடங்கள் தேவை. தேசியப் போட்டியில் ஒரு பல்கலைக்கழகம் மூன்று படகுகளை இறக்கும்: எட்டுப் பேர் துடுப்பு போடும் படகு இரண்டு, நால்வர் படகு ஒன்று, ஒவ்வொன்றிலும் திசை சொல்ல ஒருவர். ஆக 23 பேர். அணியிலோ அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கலாம். சட்டத்தின் கணக்கும் நேராகிறது, புள்ளியும் கிடைக்கிறது. 2021, 2022, 2024 ஆண்டுகளில் பெண்கள் துடுப்புப் பட்டம் டெக்ஸாஸுக்கு, 2023இல் ஸ்டான்ஃபோர்டுக்கு. அந்த நான்கு ஆண்டுகளிலும் டைரக்டர்ஸ் கோப்பை போனதும் அதே இடங்களுக்குத்தான். ஒன்றால் மற்றொன்று வந்தது என்று சொல்ல முடியாது. பணமும் பொறுமையும் ஒருசேரத் தேவைப்படும் விளையாட்டில் முதலிடம் பிடிக்கக்கூடிய துறைகள், மொத்தப் பட்டியலிலும் மேலே வருகின்றன. 2025இல் இந்த ஒற்றுமை முறிந்தது: துடுப்பு ஸ்டான்ஃபோர்டுக்கு, கோப்பை டெக்ஸாஸுக்கு.

பணம் இப்போது எந்தப் பக்கம் இழுக்கிறது

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், என்சிஏஏவுக்கு எதிராகக் கல்லூரி வீரர்கள் தொடுத்த, ஹவுஸ் வழக்கு எனப்படும் வழக்கில் எட்டப்பட்ட உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். கல்லூரி விளையாட்டின் அடித்தளத்தையே மாற்றிய உடன்பாடு இது. மொத்தத் தரவரிசையைப் பாதிக்கும் பகுதிகள் இவை:

1. பல்கலைக்கழகம் தன் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கான உச்சவரம்பு 2.05 கோடி டாலர்.

2. இந்தத் தொகையைப் பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஃபுட்பாலுக்கு முக்கால் பங்கு, ஆண்கள் கூடைப்பந்துக்கு அதற்கடுத்த பங்கு என்ற விகிதத்தை ஒட்டியே பிரிக்கின்றன. மற்ற எல்லா அணிகளுக்கும் மிஞ்சுவது மிகச் சிறிய துண்டு.

3. ஓர் அணிக்கு இத்தனை உதவித்தொகை என்றிருந்த வரம்பு நீங்கி, அணியில் இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஃபுட்பாலில் 85 உதவித்தொகை இருந்தது. இப்போது 105 பேர் வரை. பேஸ்பாலில் 11.7 இருந்தது (அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்), இப்போது 34 பேர் வரை. ஆண்கள் நீச்சலில் 9.9 இருந்தது, இப்போது 30 பேர் வரை. வரம்புக்குள் உள்ள அனைவருக்கும் முழு உதவித்தொகை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்றாவது அம்சம்தான் இந்தக் கோப்பையின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும். பேஸ்பாலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 11.7இலிருந்து 34க்குப் போனால் கூடுதலாக 22.3 உதவித்தொகை. படிப்பும் தங்குமிடமும் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலர் ஆகும் தனியார் பல்கலைக்கழகத்தில் இது ஏறத்தாழ 17.8 லட்சம் டாலர் கூடுதல் செலவு. ஓர் அணிக்கு மட்டும்! 36 அணிகள் நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்தையும், 20 அணிகள் நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் இந்தச் செலவு ஒரே மாதிரி தாக்காது. அகலம் இதுவரை சொத்தாக இருந்தது. இனி ஒவ்வோர் அணிக்கும், எதிரணி முழு உதவித்தொகை தரும்போது நாம் என்ன செய்வது என்ற கேள்வி எழும்.

உடன்பாட்டுக்கு முன்பே வீரர்களும் பயிற்சியாளர்களும் இடம் மாறத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள்.

சாஃப்ட்பாலில் பந்து வீசும் நிஜாரி கேனடி 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஸ்டான்ஃபோர்டைத் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாகக் கொண்டு சேர்த்தார். 2024 கோடையில், பத்து லட்சம் டாலரைத் தாண்டிய விளம்பர ஒப்பந்தத்துடன் டெக்ஸாஸ் டெக் என்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025இல் டெக்ஸாஸ் டெக் இறுதிப் போட்டி வரை வந்து டெக்ஸாஸிடம் தோற்றது. ஸ்டான்ஃபோர்ட் கடைசி எட்டுக்குள் வரவில்லை. கோப்பையை அது தவறவிட்டது 4.25 புள்ளியில் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு வீராங்கனையின் இடமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் பயிற்சியாளராக இருந்த பாப் போமன், 2024 மார்ச்சில் அரிசோனா ஸ்டேட்டுக்கு ஆண்கள் நீச்சல் பட்டம் வாங்கித் தந்தார். சில நாள்களில் டெக்ஸாஸுக்கு மாறினார். பாரிஸில் 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஹூபர்ட் கோஷ் அவரைப் பின்தொடர்ந்து வந்தார். 2025 மார்ச்சில் பட்டம் டெக்ஸாஸுக்கு. சிறந்த பயிற்சியாளரை ஈர்க்கும் வசதி இருந்தால், 100 புள்ளியை ஒரே ஆண்டில் இடம் மாற்றிவிட முடியும்.

எந்த அணிகள் முதலில் கலையும்

இதற்கு ஒத்திகை 2020லேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் தன் 36 அணிகளில் 11ஐ மூடப்போவதாக அறிவித்தது. அவற்றை நிரந்தரமாகக் காப்பாற்ற 20 கோடி டாலருக்கு மேல் தேவை என்று காரணம் சொன்னது. அந்தப் பதினொன்று: ஆண்கள், பெண்கள் வாள்வீச்சு, பெண்கள் ஹாக்கி, பெண்கள் குறை எடைத் துடுப்பு, ஆண்கள் துடுப்பு, கலப்பு, பெண்கள் பாய்மரப் படகு, ஸ்குவாஷ், கலை நீச்சல், ஆண்கள் வாலிபால், மல்யுத்தம்.

இந்தப் பட்டியலைக் கோப்பைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். துடுப்பு இரண்டு, பாய்மரம் இரண்டு, ஸ்குவாஷ், கலை நீச்சல் என ஆறு அணிகளின் போட்டிகளை என்சிஏஏ நடத்துவதில்லை. அவை பட்டியலில் புள்ளி தராதவை. அதாவது அந்தப் பதினொன்றில் பாதிக்கு மேற்பட்ட அணிகளை மூடினாலும் தரவரிசையில் ஒரு கீறலும் விழாது. கோப்பை அகலத்தைப் போற்றுகிறது. ஆனால் 19 வரை மட்டுமே. இருபதாவது அணியிலிருந்து அது எந்த அணிக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. இந்த முறையின் பெரிய குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டின் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ இல்லாத வெறும் கறுப்பு உடையில் களமிறங்கி, 165 பவுண்டு பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். முன்னாள் மாணவர்கள் நிதி திரட்டினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். மே மாதம் 11 அணிகளையும் தொடர்வதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அப்படிப் போராடும் முன்னாள் மாணவர் கூட்டம் எல்லா இடத்திலும் இல்லை. 2025 மார்ச்சில் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணிகளைக் கலைத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ், முதல் பிரிவையே விட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாக அறிவித்தது.

பட்டியலை வாசிக்கவும் பயன்படுத்தவும்

பருவ இடையில் வரும் தற்காலிகப் பட்டியலைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். இலையுதிர் காலத்தில் கால்பந்து, ஹாக்கி, கிராஸ் கன்ட்ரி, வாலிபால் எனச் சில மட்டுமே முடிந்திருக்கும். ஆண்கள் கால்பந்தும் ஹாக்கியும் இல்லாத டெக்ஸாஸ் அப்போது கீழேதான் கிடக்கும். ஜூன் இறுதியில் ஒமாஹாவில் பேஸ்பால் முடிந்த பிறகு வருவதுதான் முழுக் கணக்கு.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் டென்னிஸ், வாள்வீச்சு, நீச்சல், ஸ்குவாஷ் வழியாகக் கல்லூரி இடம் தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மொத்தத் தரவரிசையைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்வது ஆபத்து. பயிற்சியாளரிடம் நேராகக் கேட்க வேண்டியவை:

1. ஹவுஸ் உடன்பாட்டில் உங்கள் பல்கலைக்கழகம் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால்தான் ஆள் எண்ணிக்கை வரம்பு பொருந்தும்.

2. வரம்புக்கு உள்ளே இப்போது எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு படிப்பு முடித்துப் போகிறார்கள்? முன்பு உதவித்தொகை இல்லாமலாவது அணியில் ஒட்டிக்கொள்ள முடிந்தது. வரம்பு வந்த பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

3. வரம்பு 30 என்றால், உண்மையில் எத்தனை பேருக்கு உதவித்தொகை தருகிறீர்கள்? 30 இடம் என்பது 30 உதவித்தொகை என்று பொருளல்ல.

4. இந்த அணிக்கு நிரந்தர அறக்கட்டளை நிதி இருக்கிறதா, அல்லது ஒவ்வோர் ஆண்டும் ஃபுட்பால் வருவாயிலிருந்து பணம் வருகிறதா? ஃபுட்பாலுக்குச் செலவு கூடும்போது இரண்டாவது வகை அணிகளிலிருந்துதான் வெட்டத் தொடங்குவார்கள்.

5. அணி கலைக்கப்பட்டால், ஏற்கெனவே கொடுத்த உதவித்தொகை படிப்பு முடியும்வரை தொடருமா? பதிலை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் வாங்குங்கள்.